ஒரு வீட்டில் மட்டும் மருந்தடித்தால் அபார்ட்மெண்ட் கரப்பான் போகுமா?

மடிப்பாக்கம்_மீரா:

மடிப்பாக்கத்தில் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில், இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். வந்த புதிதில் ஒரு தொல்லையும் இல்லை, கோடை தொடங்கியதிலிருந்து கரப்பான் தாங்கவில்லை. பறக்கிற பெரிய கரப்பான் இல்லை, அது எப்போதாவது பாத்ரூமில் ஒன்று வரும், துடைப்பத்தால் ஒரு போடு போட்டால் தீர்ந்தது. இது சின்னது, வெளிர் பழுப்பு நிறம், விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறை லைட்டைப் போட்டால் சிங்க் ஓரத்திலிருந்தும் அடுப்புக்கு அடியிலிருந்தும் நாலா பக்கமும் ஓடுகிறது. நேற்று மிக்ஸியைக் கவிழ்த்துத் தட்டினேன், அடியில் காற்றுப் போகிற ஓட்டைகளிலிருந்து குட்டி குட்டியாக உதிர்ந்தது. அப்புறம் அதில் சட்னி அரைக்க யாருக்கு மனசு வரும்?

கடையில் விற்கிற ஸ்ப்ரே வாரா வாரம் அடிக்கிறோம். லட்சுமண ரேகை சாக்பீஸால் அலமாரி முழுக்கக் கோடு போட்டாயிற்று. பெஸ்ட் கண்ட்ரோல் ஆள் ஒருவரைக் கூப்பிட்டோம், வீடு முழுக்க எதையோ அடித்துவிட்டு, நாலு மணி நேரம் வெளியே இருங்கள் என்றார். கொஞ்ச நாள் நிம்மதி, அப்புறம் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்துவிட்டது. ஹவுஸ் ஓனரைக் கேட்டால் "நீங்க சுத்தமா வெச்சுக்கோங்கம்மா" என்கிறார். அசோசியேஷனைக் கேட்டால் வீட்டுக்குள் நடப்பது உங்கள் பொறுப்பு என்கிறார்கள். மேல் மாடியிலும் கீழ் மாடியிலும் வேலை செய்கிற அக்காவோ அங்கேயும் இதே கதைதான் என்கிறார்.

கரப்பான் தின்று சாகிற ஜெல் என்று ஒன்று இருக்கிறதாமே, அது உண்மையிலேயே வேலை செய்யுமா? வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறாள், அதனால் கண்டதையும் வைக்கப் பயமாக இருக்கிறது. மேல் வீடும் கீழ் வீடும் ஒன்றுமே செய்யாவிட்டால் நான் செய்வது எல்லாம் வீண்தானா?

பூச்சிமருந்துக்காரன்:

சிஸ்டர், நீங்கள் சொல்கிற அடையாளத்தைப் பார்த்தால் இது ஜெர்மன் கரப்பான். ஒன்றைப் பிடித்து டப்பாவில் போட்டுப் பாருங்கள், தலைக்குப் பின்னால் நெடுக்காக இரண்டு கறுப்புக் கோடு இருந்தால் அதுவேதான். இறக்கை இருந்தாலும் பறக்காது. பாத்ரூமில் எப்போதாவது வருகிற பெரியது அமெரிக்கன் கரப்பான், அதன் குடித்தனம் சாக்கடையிலும் கழிவுநீர் சேம்பரிலும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதைப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தை அடித்துவிட்டுப் போகிற ஆட்கள் எங்கள் தொழிலிலேயே நிறைய, அதை மறைப்பதற்கில்லை.

சின்னது வெளியிலிருந்து சாக்கடை வழியாக வருவதில்லை. மளிகை அட்டைப்பெட்டி, பழைய ஃப்ரிட்ஜ், வீடு மாறும்போது வருகிற சாமான், இப்படி ஏதாவது ஒன்றில் ஒட்டிக்கொண்டு வரும். வந்தபின் மனிதர் இருக்கும் கட்டடத்தைவிட்டுப் போகாது. பெண் கரப்பான் முட்டைப் பையை வாலில் கவ்விக்கொண்டே திரியும், ஒரு பைக்குள் 30 முதல் 40 முட்டை, பொரிகிற சமயத்தில்தான் கீழே விடும். பெரிய கரப்பான் பையில் 15 சொச்சம்தான், அதையும் எங்காவது ஒட்டிவிட்டுப் போய்விடும். சின்னது பெருகுகிற வேகம் இப்போது புரிகிறதா? ஸ்ப்ரே அந்தப் பைக்குள் இறங்காது. மேலே திரிகிறது சாகும், முட்டை பொரிந்ததும் மறுபடி அதே கூட்டம். உங்களுக்கு நடந்தது இதுதான்.

ஜெல் வேலை செய்யும், வைக்கிற விதத்தில் வைத்தால். முதல் வேலை, ஸ்ப்ரேயையும் சாக்பீஸையும் நிறுத்துங்கள். கோட்டையெல்லாம் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். அந்த மருந்தின் நெடி இருக்கிற இடத்தில் கரப்பான் ஜெல்லை நெருங்காது. போதாததற்கு ஸ்ப்ரே அடித்தால் கூட்டம் சிதறிச் சுவர் இடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் மேல் வீட்டுக்கும் போய், அங்கே ஆறுதலாகப் பெருகிவிட்டு உங்களிடம் திரும்பும்.

அப்புறம் ராத்திரி டார்ச்சை எடுத்துக்கொண்டு அது தங்குகிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். காப்பித்தூள் சிந்தியது போல் கறுப்புப் புள்ளி எங்கே அதிகமோ அங்கேதான் கூடு. மாடுலர் கிச்சன் என்றால் கதவுக் கீல், டிராயர் ஓடுகிற தடம், கேபினட்டின் முதுகுப் பலகை. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் மோட்டார் பக்கம் எப்போதும் கதகதப்பாக இருக்கும், அது அவற்றுக்கு அரண்மனை. ஆர்.ஓ. மெஷினுக்குப் பின்னால், மைக்ரோவேவ் அடியில், சிங்க் குழாய் சுவருக்குள் போகிற ஓட்டையில், கிரானைட் மேடைக்கும் சுவருக்கும் நடுவில் ஒயிட் சிமெண்ட் உதிர்ந்த இடத்தில் எல்லாம் பாருங்கள்.

அங்கெல்லாம் உளுந்து அளவில், அதற்கு மேல் வேண்டாம், சின்னச் சின்னப் பொட்டாக நிறைய இடத்தில் வையுங்கள். ஒரே இடத்தில் பற்பசை மாதிரிப் பிதுக்கி வைப்பது வீண். 0.05% ஃபிப்ரோனில், 2.15% இமிடாகுளோபிரிட் என்று ட்யூபில் போட்டிருக்கும், இரண்டில் எதுவானாலும் சரி. தின்றவுடன் சாகாது, அதுதான் அதன் சூட்சுமம். தின்ற கரப்பான் இடுக்குக்குப் போய் அங்கே செத்துப் போகும், குஞ்சுகள் அதன் எச்சத்தையும் பிணத்தையும் தின்று தாமும் சாகும். வெளியே வராத குஞ்சைப் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ந்த பொட்டை மாற்றி மறுபடி வையுங்கள், பொரிந்து வருகிறதுக்கும் கிடைக்க வேண்டும்.

குழந்தைக்குக் கை எட்டாத இடுக்குக்குள் மட்டும் வையுங்கள், மேடைமேல் திறந்த இடத்தில் வேண்டாம்.

அம்மி_குழவி:

இவ்வளவு கெமிக்கல் எதற்கு? எங்கள் அம்மா காலத்தில் பிரியாணி இலையைக் கிள்ளி அலமாரியில் போடுவார்கள், கிராம்பு நாலு வைப்பார்கள், கரப்பான் அண்டாது. சமையல் சோடாவும் சர்க்கரையும் சம அளவு கலந்து மூலையில் வைத்தால் தின்று வயிறு வெடித்துச் சாகும் என்று யூட்யூபில் ஆயிரம் வீடியோ இருக்கிறது. குழந்தை இருக்கிற வீட்டில் ஜெல் வைக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆறுகால்_ஆர்வலன்:

அம்மி, கோபித்துக்கொள்ள வேண்டாம். இலையும் கிராம்பும் வைத்த டப்பாவை அது கொஞ்சம் ஒதுக்கலாம், ஆனால் நூற்றுக்கணக்கில் குடியேறிவிட்ட கூட்டத்தை வாசனை காட்டி விரட்ட முடியாது. அந்த அலமாரியிலிருந்து இந்த அலமாரிக்கு இடம் மாறும், அவ்வளவுதான். உங்கள் அம்மா காலத்துத் தனி வீட்டில் தொல்லை கொடுத்தது பெரும்பாலும் பெரிய கரப்பான். குழாயும் சுவரும் பொதுவாக இருக்கிற அடுக்குமாடியில் இந்தச் சின்னது வேறு சமாச்சாரம்.

கெமிக்கல் பயம் நியாயமானதுதான், ஆனால் அதை ஸ்ப்ரே மேலும் சாக்பீஸ் மேலும் வைக்க வேண்டும். சாக்பீஸிலும் பைரெத்ராய்டு பூச்சிமருந்துதான் இருக்கிறது. குழந்தை கையில் கிடைத்தால் எழுதுகிற சாக்பீஸ் என்றுதான் நினைக்கும், வாயில் வைத்தாலும் வைக்கும். மீன் தொட்டி இருக்கிற வீட்டில் இந்த ஸ்ப்ரே அடித்தால் மீன் மிதக்கும். எரிகிற அடுப்புப் பக்கத்தில் கேனை அழுத்துவது இன்னும் மோசம், உள்ளே இருக்கிற வாயு தீப்பிடிக்கக்கூடியது. இடுக்குக்குள் வைக்கிற உளுந்தளவு ஜெல்லையும், வீடு முழுக்கப் பறக்கிற புகையையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

இன்னொன்று, சிலர் பெட்டிக்கடைப் பாட்டிலில் டைக்குளோர்வாஸ் (நுவான் என்று நம் பக்கம் சொல்வார்கள்) வாங்கி அடிப்பார்கள். அதை இந்தியாவில் 2020 இறுதியோடு தடை செய்தாயிற்று. யாராவது பழைய சரக்கை நீட்டினால் தொடாதீர்கள்.

வீட்டு வைத்தியம்தான் வேண்டும் என்றால் போரிக் பவுடர் ஒன்றுக்குத்தான் உண்மையான பலன் உண்டு, கேரம் போர்டில் தூவுவோமே அதே வெள்ளைத் தூள். ஃப்ரிட்ஜுக்கும் கேபினட்டுக்கும் பின்னால், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிசாகத் தூவ வேண்டும். குவியலாகக் கொட்டினால் சுற்றிக்கொண்டு போய்விடும், ஈரம் பட்டால் கட்டியாகிவிடும். அதுவும் விஷம்தான், குழந்தை தவழ்கிற இடத்தில் கூடாது.

ஜெல்லிலும் ஒரு வில்லங்கம் உண்டு. சில இடத்துக் கரப்பான்கள் குளுக்கோஸ் கலந்த இரையைத் தொடுவதே இல்லை. அமெரிக்காவில் 1993லேயே இதை எழுதிவிட்டார்கள், காரணம் 2013ல் தெரிந்தது: அந்தக் கூட்டத்துக்குக் குளுக்கோஸ் நாக்கில் கசக்கிறது! வைத்த பொட்டு அப்படியே இருந்தால் வேறு இரை கலந்த வேறு கம்பெனி ஜெல்லுக்கு மாறுங்கள்.

சும்மா ஒரு தகவல்: பெயர்தான் ஜெர்மன். 2024ல் வந்த மரபணு ஆய்வுப்படி சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா, மியான்மர் பக்கத்தில் ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்து வந்தது இது. நம்ம ஊர்க்காரன்தான், ஊரெல்லாம் சுற்றிவிட்டுப் பெயரை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான்.

மடிப்பாக்கம்_மீரா:

எல்லோருக்கும் நன்றி. கறுப்புக் கோடு இரண்டும் இருக்கிறது, பார்த்துவிட்டேன். சாக்பீஸ் கோட்டை எல்லாம் துடைத்தாயிற்று. மேல் வீட்டு மாமியிடம் பேசிப் பார்த்தேன், "எங்க ஆத்துல கரப்பானே கிடையாது, நீங்க நான்வெஜ் சமைக்கறதாலதான்" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார். எங்களுக்கு நேர் கீழ் வீடு பூட்டிக் கிடக்கிறது, ஓனர் துபாயில். இப்படி இருந்தால் ஜெல் வைத்து என்ன பிரயோஜனம்?

பி_பிளாக்_செயலாளர்:

அம்மா, நான் பெருங்குடி பக்கம் ஒரு குடியிருப்பில் அசோசியேஷன் செயலாளர். இந்தப் பஞ்சாயத்து முழுக்கப் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கரப்பானுக்குச் சைவ வீடும் தெரியாது அசைவ வீடும் தெரியாது. சோற்றுப் பருக்கை, சிந்திய எண்ணெய், அட்டைப்பெட்டிப் பசை, எது கிடைத்தாலும் போதும். அதைவிட முக்கியம் தண்ணீர். சொட்டுகிற சிங்க் குழாய் ஒன்று இருந்தால் குடும்பமே பிழைத்துக்கொள்ளும். எங்கள் பிளாக்கில் அதிகமாக இருந்தது மிகச் சுத்தமாக இருந்த ஒரு வீட்டில்தான், காரணம் சிங்க் அடியில் மெல்லிய கசிவு.

நீங்கள் கவனிக்க வேண்டியது உங்கள் மாடி இல்லை, உங்கள் வரிசை. ஒரே ஷாஃப்டில் (குழாய்கள் மேலிருந்து கீழே போகிற சந்து) சமையலறைக் குழாய் இறங்குகிற வீடுகள், அதாவது உங்களுக்கு நேர் மேலும் நேர் கீழும் உள்ளவை, அப்புறம் சமையலறைச் சுவர் ஒட்டிய பக்கத்து வீடு. கரப்பான் போக்குவரத்து பெரும்பாலும் இதற்குள்தான். முழுக் கட்டடத்தையும் ஒப்புக்கொள்ள வைக்க அலைந்தால் விஷயம் அடுத்த பொதுக்குழு வரைக்கும் இழுக்கும். ஒரு வரிசையில் நாலைந்து வீட்டைச் சம்மதிக்க வைப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை.

மாமியிடம் வாதாடாதீர்கள், பிரயோஜனம் இல்லை. ஒட்டுப் பொறி அட்டை கடையில் கிடைக்கும். நாங்கள் என்ன செய்தோம் என்றால், வரிசையில் உள்ள எல்லா வீட்டுக்கும் அசோசியேஷன் செலவிலேயே ஆளுக்கு இரண்டு அட்டை கொடுத்து, ஒன்றை சிங்க் அடியிலும் ஒன்றை ஃப்ரிட்ஜ் பின்னாலும் ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் நீங்களே பாருங்கள், எங்களிடம் காட்டக்கூட வேண்டாம் என்றோம். இல்லவே இல்லை என்று சத்தியம் செய்த ஒருவர் காலையில் அட்டையைக் கவரில் சுற்றிக்கொண்டு வந்து, "சார், எப்ப மருந்து வைக்கிறீங்க?" என்றார். நாம் சொன்னால் நம்பாதவர்கள் அட்டையைப் பார்த்தால் நம்புவார்கள். எந்த வீட்டில் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும், குறைந்ததா இல்லையா என்று பின்னால் ஒப்பிடவும் உதவும். அட்டையில் யார் வீடு என்று எழுதாதீர்கள், அதிலேயே பாதிச் சண்டை மிச்சம்.

ஷாஃப்ட், டக்ட், கீழே இருக்கிற சேம்பர், குப்பைத் தொட்டி வைக்கிற இடம் எல்லாம் பொதுப் பகுதி. அதை உங்கள் பொறுப்பு என்று எந்த அசோசியேஷனும் தட்டிக்கழிக்க முடியாது. வாய்மொழியாகக் கேட்காமல் எழுத்தில் கொடுங்கள், வாட்ஸாப் குழுவில் இல்லை, மெயிலில். நீங்கள் வாடகைக்கு இருப்பதால் ஓனரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர் பெயர் இருந்தால்தான் கமிட்டி அசையும். ஷாஃப்டில் இருந்து வீட்டுக்குள் வருகிற குழாயைச் சுற்றி இருக்கும் ஓட்டையை அடைக்கச் சொல்லுங்கள். பெரிய ஓட்டை என்றால் சிமெண்ட், சின்னது என்றால் சிலிகான் போதும்.

பூட்டிய வீட்டை விடாதீர்கள். மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றாத பாத்ரூமில் தரைத் தண்ணீர் வடிகிற நஹானி ட்ராப்பில் நிற்கிற தண்ணீர் வற்றிவிடும். சாக்கடை நாற்றத்தையும் பெரிய கரப்பானையும் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, மாதம் ஓரிரு முறை எல்லா டிரெயினிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். மழைக்காலத்துக்கு முன்னால் இதைச் செய்வது நல்லது, சேம்பர் நிரம்பினால் பெரியதெல்லாம் மேலே ஏறும்.

யீஷுன்_அக்கா:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன், இங்கேயும் அடுக்குமாடிதானே வாழ்க்கை. எங்கள் பழைய வீடமைப்பு பிளாக்கில் சமையலறைக்குள்ளேயே குப்பை போடுகிற சூட் இருக்கும், மேல் மாடியிலிருந்து கீழ் மாடி வரைக்கும் ஒரே குழாய். அதிலிருந்து பெரிய கரப்பான் ஏறி வரும். புது பிளாக்குகளில் அதை வீட்டுக்கு வெளியே மாடிக்கு ஒன்றாக மாற்றிவிட்டார்கள். சூட்டையும் சாக்கடை மூடியையும் டவுன் கவுன்சில் பார்த்துக்கொள்ளும், மருந்தடிக்கிற நாளில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், நாங்கள் சூட் மூடியை டேப் போட்டு ஒட்டிவிடுவோம்.

ஆனால் தங்கச்சி, அது எல்லாம் பெரியதுக்குத்தான். சின்னது எங்கள் வீட்டுக்கு வந்தபோது டவுன் கவுன்சில் மருந்தால் ஒன்றும் ஆகவில்லை, அது சூட்டுக்குள் இல்லையே, ரைஸ் குக்கருக்குள் அல்லவா இருந்தது! அடியில் இருக்கிற தகட்டைக் கழற்றினால் ஒயர் தெரியாத அளவுக்கு இருந்தது. மின்சாமானுக்குள் ஜெல் வைக்காதீர்கள், ஸ்ப்ரேயும் கூடாது. அதைத் தடிமனான பிளாஸ்டிக் பையில் போட்டு, உள்ளே ஒரு ஒட்டுப் பொறியும் ஒரு மூடியில் ஜெல்லும் வைத்து இறுக்கிக் கட்டி வைத்துவிடுங்கள். சாப்பாடும் தண்ணீரும் வேறு இல்லாததால் அதுவே வெளியே வந்து தின்னும். உங்கள் மிக்ஸிக்கும் இதே வைத்தியம்தான். பிறகு நன்றாகத் துடைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அட்டைப்பெட்டியை வீட்டில் சேர்த்து வைக்கிற பழக்கம் இருந்தால் விடுங்கள். ஆன்லைனில் வருகிற பெட்டியை நான் வாசலிலேயே பிரித்துவிட்டுப் பொருளை மட்டும்தான் உள்ளே எடுப்பேன். வீட்டுக்காரர் கேலி செய்வார், செய்யட்டும்.

வார்டு_சிஸ்டர்:

குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறவள் நான். மீரா, பாப்பாவுக்கு ராத்திரியில் இருமலோ மூச்சில் விசில் சத்தமோ இருந்தால், வீட்டில் கரப்பான் இருக்கிறது என்று டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தூசி, பூனை ரோமம் பற்றி எல்லோரும் சொல்வார்கள், இதைச் சொல்ல வெட்கப்பட்டு விட்டுவிடுவார்கள். கரப்பானின் எச்சம், எச்சில், உரிந்த தோல் மூன்றும் ஆஸ்துமாவைக் கிளப்பும். அமெரிக்க நகரங்களில் ஆஸ்துமா உள்ள குழந்தைகளிடம் செய்து 1997ல் வெளியான பெரிய ஆய்வில், கரப்பான் ஒவ்வாமை இருந்து வீட்டிலும் அது அதிகம் இருந்த குழந்தைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்திருக்கிறது.

கரப்பான் செத்ததோடு இது முடியாது, அந்தத் தூசு மாதக்கணக்கில் இருக்கும். எல்லாம் அடங்கியபின் கேபினட்டுக்குள், ஃப்ரிட்ஜுக்கு அடியில் எல்லாம் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள். வறட்டுத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசு பறந்து பாப்பா மூக்குக்குத்தான் போகும். அந்த வேலை நடக்கும்போது அவளை வேறு அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மடிப்பாக்கம்_மீரா:

இருமல் இருக்கிறது சிஸ்டர், மழை ஜலதோஷம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். நாளைக்கே டாக்டரிடம் சொல்கிறேன்.

செயலாளர் சார் சொன்ன அட்டை யோசனை எங்கள் கமிட்டி தலைவருக்குப் பிடித்துவிட்டது, எங்கள் வரிசைக்கு வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். துபாய் ஓனரின் சாவி வாட்ச்மேனிடமே இருக்கிறது. மாமி அட்டையை வாங்கிக்கொண்டார், இன்னும் வைக்கவில்லை போலிருக்கிறது. ஜெல் நேற்று ராத்திரி வைத்தேன். இன்று பகலிலேயே மேடைமேல் தள்ளாடிக்கொண்டு நாலைந்து வருகிறது, முன்பு பகலில் வந்ததே இல்லை. இது சரியா, இல்லை ஏதாவது தப்பாக வைத்துவிட்டேனா? மாமியாருக்கு அதைப் பார்த்ததும் ஸ்ப்ரேயை எடுக்கக் கை பரபரக்கிறது.

பூச்சிமருந்துக்காரன்:

சரியாகத்தான் வைத்திருக்கிறீர்கள் சிஸ்டர். மருந்து தின்றது நரம்பு தளர்ந்து பகலிலும் வெளியே வரும், சில நாள் அப்படித்தான் இருக்கும். டிஷ்யூவில் எடுத்து டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் விடுங்கள். மாமியாரிடம் சொல்லி அந்த ஸ்ப்ரே கேனை மட்டும் எங்காவது ஒளித்து வையுங்கள், இப்போது ஒரு தடவை அடித்தாலும் வைத்த ஜெல் அத்தனையும் வீண். ஃபினாயில் போட்டுத் துடைப்பதும் தரையோடு நிற்கட்டும், ஜெல் இருக்கிற இடுக்குப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

ராத்திரி படுக்கும் முன் சிங்க்கில் பாத்திரம் போட்டு வைக்காதீர்கள், மேடையில் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள், ஈரக் குப்பையை வெளியே வைத்துவிடுங்கள். வேறு சாப்பாடு இல்லாவிட்டால்தான் ஜெல்லுக்கு வரும். மூன்றாம் வாரம் அட்டை வைத்துப் பாருங்கள். குஞ்சு மட்டும் விழுந்தால் பழைய முட்டை பொரிந்தது என்று அர்த்தம், மறுபடி பொட்டு வைத்தால் போதும். நன்கு வளர்ந்தது நிறைய விழுந்தால் எங்கோ பக்கத்திலிருந்து இன்னும் வருகிறது, அப்போது முதலில் சிங்க் குழாய் ஓட்டையைப் பாருங்கள், அடைத்துவிட்டீர்களா? அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லையே.